தலைப்புக்கு விட்ட இடம்

எங்க ஹால்ல ஒரு சின்ன படம் மாட்டிருக்கேன், ஒரு அடிக்கும் கம்மி உயரம். கீழ ஓரமா துருப்பிடிச்ச மாதிரி ஒரு விண்கலம், அது பக்கத்துல எறும்பு சைஸ்ல ரெண்டு ஆளு, மேல மூணுல ஒரு பங்கு வெறும் ஆரஞ்சு ஆகாசம், அவ்வளவுதான் படம். வீட்டுக்கு வர்றவங்கள்ல பாதிப்பேரு கேக்குறது, ஏன் மேல ஒண்ணுமே இல்ல, வரைஞ்சு முடிக்கலையான்னு. நான் வாங்குனப்போ அந்த காலி ஆகாசத்தைப் பாத்து அண்டவெளியோட பிரம்மாண்டம், மனுஷனோட தனிமை அது இதுன்னு மனசுக்குள்ள ஒரு கட்டுரையே எழுதி வச்சிருந்தேன். அப்பா ஊர்ல இருந்து வந்தப்போ கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டுட்டு கிட்ட போயி அரை நிமிஷம் பாத்தாரு. "இங்கன எழுத்து வரும்ல பாப்பா"ன்னாரு. என் கட்டுரை அதோட முடிஞ்சது.

அப்பா சொன்னதுதான் சரி. அது ஒரு சயின்ஸ் ஃபிக்ஷன் பேப்பர்பேக் அட்டைக்காக போட்ட கலர் ரஃப், அதாவது முழு ஓவியத்துக்கு முன்னாடி போட்டுப் பாக்குற சின்ன மாதிரிப் படம். அந்த ஆகாசம் புஸ்தகத்தோட பேருக்கும் எழுதுனவரு பேருக்கும் விட்ட இடம். அது தெரிஞ்சப்புறம் படம் எனக்கு இன்னும் பிடிச்சுப் போச்சு, ஏன்னா அந்த ரெண்டு ஆளு ஏன் அவ்வளவு சின்னதா கீழ இருக்காங்க, கலம் ஏன் ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு, எல்லாத்துக்கும் ஒரு காரணம் கெடைச்சிருச்சு. எழுத்துக்கு இடம் விட்டுட்டு மிச்ச இடத்துல ஒரு கிரகத்தையே உக்கார வைக்கணும், அந்த நெருக்கடிதான் நான் சேக்குற இந்த சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டசி ஓவியத்துல பாதி அழகுன்னு இப்போ நான் நெனைக்கிறேன்.

அப்பா சிவகாசில ஆப்செட் பிரஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல மிஷின்மேன். ஒரு விஞ்ஞானக் கதை கூட படிச்சதில்ல, ஆனா எந்தப் படத்தைக் காட்டுனாலும் அது எதுக்காக வரைஞ்சதுன்னு சொல்லிருவாரு. காலண்டர் படம்னா கீழ தேதி கிழிக்கிற கட்டு ஒட்ட இடம் விட்டிருக்கணும், அதுக்கு மேல ஜவுளிக்கடை பேரு வர ஒரு பட்டை, முருகனோட வேல் நுனி ஓரத்துக்குப் போயிரக் கூடாது, கட்டிங்ல போயிரும். பக்கத்து கோவில்பட்டில இருந்த கொண்டைய ராஜு நாடகத்துக்குத் திரைச்சீலை வரைஞ்சவரு, அப்புறம் அவரும் அவர் சிஷ்யங்களும் போட்ட சாமி படங்கதான் சிவகாசி காலண்டர்ல ஏறி வீடு வீடா போச்சு. மேகத்துக்குள்ள மிதக்குற மண்டபம், தலைக்குப் பின்னாடி சுத்துற வெளிச்சம், மயில் மேல பறக்குறது, இதெல்லாம் ஃபேன்டசி ஆர்ட் இல்லாம வேற என்னன்னு எனக்கு நாப்பது வயசுலதான் உறைச்சுது, பொறந்ததுல இருந்து செவுத்துல தொங்கிக்கிட்டு இருந்தும்.

நோட்டுக்கு அட்டை போட அப்பா வேஸ்ட் ஷீட் கொண்டு வருவாரு. மிஷினை செட் பண்ணும்போது ஓட்டுற ஷீட்டு அது, ஒரே பேப்பரைத் திரும்பத் திரும்ப வெவ்வேற வேலைக்கு ஓட்டுவாங்க, அதனால மஞ்சள் மட்டும் விழுந்த சரஸ்வதி, ரிஜிஸ்டர் விலகி, அதாவது ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உக்காராம, நாலு கண்ணோட நிக்கிற லட்சுமி, பிள்ளையார் தும்பிக்கைக்குள்ள இருந்து கெளம்புற பட்டாசு ராக்கெட்டுன்னு கன்னாபின்னான்னு இருக்கும். நான் முதமுதலா பாத்த சயின்ஸ் ஃபிக்ஷன் ஓவியம் என்னோட அஞ்சாப்பு கணக்கு நோட்டு அட்டைதான்னு வச்சுக்கோங்க.

அப்புறம் மாமா வீட்ல முத்து காமிக்ஸ். 1972-ல நம்ம சிவகாசில இருந்துதான் அது ஆரம்பிச்சுது, முதல்ல வந்தது இரும்புக்கை மாயாவி, கரண்ட் ஷாக் அடிச்சா ஆளு மறைஞ்சு கை மட்டும் தெரியுமே, அவரு. அந்தக் கதை பிரிட்டிஷ் பத்திரிகையில வந்தது, ஆரம்பத்துல வரைஞ்சவரு ஹெசூஸ் பிளாஸ்கோன்னு ஒரு ஸ்பெயின்காரர். சின்னதுல கை எங்க போகுதுன்னு கதைக்காகப் பாத்தேன், இப்போ எடுத்துப் பாத்தா அந்தாளு வெறும் கறுப்பு மையில நிழல் போட்டிருக்கிற விதத்தைப் பாத்து பக்கத்தைத் திருப்பவே மாட்டேங்குது.

சேக்க ஆரம்பிச்சது 2006-ல, வேலைக்கு சென்னை வந்தப்புறம். ஞாயித்துக்கிழமை திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்துலயும் லஸ் கார்னர்லயும் இங்கிலீஷ் பேப்பர்பேக் அப்போ இருபது ரூபாய்க்குக் கெடைக்கும். அறுபது எழுபதுகள்ல வந்த பிரிட்டிஷ், அமெரிக்கப் பதிப்புங்க நெறைய. நான் உள்ள என்ன கதைன்னே பாக்க மாட்டேன், அட்டைதான். கடைக்காரர் ஒருத்தர், "என்னம்மா, படம் பாத்து வாங்குறீங்க, கல்யாண ஆல்பமா"ன்னு கேட்டாரு. பட்டை பட்டையா கலரடிச்ச பிரம்மாண்ட கப்பலா தெரிஞ்சா அது கிறிஸ் ஃபாஸ்ங்கிற பிரிட்டிஷ் ஓவியர் போட்டது, இல்லைன்னா அவரைப் பாத்துப் போட்டவங்க யாராவதுன்னு கண்ணு பழகுறதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், ஒரிஜினல், லிமிடெட் பிரிண்டு (இத்தனை காப்பிதான்னு நம்பர் போட்டு அச்சடிக்கிறது)ன்னு எல்லாம் போறதுக்கு முன்னாடி ஒரு நூறு பழைய அட்டை வாங்குங்க. எனக்கு அப்போ மொத்தமே ரெண்டாயிரம் மூவாயிரம்தான் ஆச்சு, அதுல உங்க ரசனை என்னன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும். ஓவியர் பேரு காப்பிரைட் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும், பல புஸ்தகத்துல அதுவும் இருக்காது, அப்போ அட்டையோட கீழ் மூலையில கையெழுத்து தேடணும், அதுலயும் பாதி கட்டிங்ல போயிருக்கும். நான் ஒரு நோட்டு போட்டு அந்தப் பாதிக் கையெழுத்தை எல்லாம் பென்சில்ல காப்பி பண்ணி வச்சேன், பின்னாடி ஒரு ஓவியரோட முழுக் கையெழுத்து எங்கயாவது கண்ணுல பட்டா பழைய பக்கத்தைத் திருப்பி சேத்துக்குவேன். கிறுக்குத்தனம்தான், ஆனா பத்து வருஷம் கழிச்சு காசு போட்டு வாங்கும்போது அந்த நோட்டுதான் உதவுச்சு.

அப்படித்தான் செஸ்லி பொனஸ்டெல்ங்கிற அமெரிக்க விண்வெளி ஓவியர் எனக்கு அறிமுகம். பழைய பத்திரிகைக் கட்டு ஒண்ணுல அவர் படத்தோட மறுபதிப்பு இருந்துச்சு, சனியோட நிலாவான டைட்டன்ல இருந்து சனிக்கிரகத்தைப் பாக்குற மாதிரி, பனி மூடுன பாறை, நீல ஆகாசத்துல பெருசா வளையத்தோட சனி. 1944-ல லைஃப் பத்திரிகையில வந்தது. மனுஷன் கட்டட வேலைக்குப் படம் போட்டவரு, ஹாலிவுட்ல சினிமாவுக்குப் பின்னணி ஓவியம் போட்டவரு, அதனால ஒவ்வொரு நிலாவுல இருந்தும் சனி எவ்வளவு பெருசா தெரியும்னு கணக்குப் போட்டு வரைஞ்சாரு. ராக்கெட்டு விண்வெளிக்கு ஒழுங்கா போகாத காலத்துல இதைப் பாத்தவங்களுக்கு ஃபோட்டோ மாதிரி இருந்திருக்கும்.

ஆனா படம் தப்பு. 1980-ல வாயேஜர் 1 விண்கலம் போயி பாத்தா டைட்டனைச் சுத்தி ஆரஞ்சு கலர் புகைமூட்டம் கெட்டியா மூடியிருக்கு, 2005-ல ஹூய்கன்ஸ் கலம் உள்ள எறங்கினப்பவும் அப்படித்தான், கீழ நின்னு நம்ம கண்ணால பாத்தா சனியே தெரியாது. என் வீட்டுக்காரர் இன்ஜினியர், தப்புன்னு தெரிஞ்சும் ஏன் ஃபிரேம் போட்டு வைக்கணும்னு கேட்டாரு. அன்னைக்கு இருந்த அறிவை வச்சு ஒருத்தன் எவ்வளவு தூரம் எட்டிப் பாத்திருக்கான்னு தெரியுதே, அதுக்குத்தான்னேன். அவருக்கு இன்னும் திருப்தி இல்ல. அமெரிக்காவுல அறிவியல் புனைவு ஓவியர்களுக்கு 1985-ல இருந்து குடுக்குற விருதுக்கு இவர் பேரைத்தான் வச்சிருக்காங்கன்னு சொல்லிப் பாத்தேன், "தப்பா வரைஞ்சதுக்கா"ன்னாரு.

சரி, காசு விட்ட கதைக்கு வர்றேன். 2014-ல ஆன்லைன் ஏலத்துல ஒரு டிராகன் படம், கேன்வாஸ், "ஒரிஜினல், ஓவியரே தொட்டு முடிச்சது"ன்னு போட்டிருந்தாங்க. முப்பத்தெட்டாயிரம் ரூபா, என் போனஸ் மொத்தமும். வந்துச்சு, தொட்டா சொரசொரன்னு பிரஷ் கோடு இருக்கு, அந்த சந்தோஷத்துல அப்படியே மாட்டிட்டேன். நாலு மாசம் கழிச்சு அப்பா வந்தாரு, சட்டைப் பையில எப்பவும் இருக்கிற புள்ளி பாக்குற லென்ஸை எடுத்து டிராகனோட மூக்குல வச்சாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் என்கிட்ட லென்ஸைக் குடுத்தாரு. உள்ள பாத்தா பெயிண்டே இல்ல, பொடிப்பொடியா மை தூவுன மாதிரி கலர் புள்ளி. இங்க்ஜெட் பிரிண்டு. அதுக்கு மேல நெறமில்லாத ஜெல்லை பிரஷ்ல தடவியிருக்காங்க. அந்தக் கோடு எதுவும் படத்தோட போகவே இல்ல, டிராகன் வால் இந்தப் பக்கம் வளையுது, கோடு அந்தப் பக்கம் போகுது, இதை நான் வெறுங்கண்ணாலயே பாத்திருக்கலாம். தொட்டுப் பாத்தேனே தவிர உத்துப் பாக்கல. புகார் குடுக்குற கெடு தாண்டி மூணு மாசம் ஆயிருச்சு, காசு போனது போனதுதான்.

அந்த லென்ஸ் சென்னையிலயே சில நூறு ரூபாய்க்குக் கெடைக்கும், பத்து மடங்கு பெருசாக்குறது போதும். ஆப்செட்ல அச்சடிச்சதுன்னா நாலு கலர் புள்ளியும் ஒழுங்கா வரிசையில நிக்கும், ஒவ்வொரு கலரும் ஒவ்வொரு கோணத்துல திரும்பியிருக்கிறதால சின்னச் சின்ன ரோஜாப்பூ மாதிரி வட்டம் தெரியும். இங்க்ஜெட்ல வரிசை இருக்காது, ரவை கொட்டுன மாதிரி எறைஞ்சு கெடக்கும், ஜீக்ளேன்னு கவுரவமா பேரு வச்சு விக்கிறதும் இதேதான். கையால வரைஞ்சதுல புள்ளியே இருக்காது, ஒரு கலர் மேல இன்னொரு கலர் ஏறியிருக்கும், ஓரத்துல திருத்துனது, பென்சில் கோடு எட்டிப் பாக்குறது, ஏதாவது ஒரு பிழை மாட்டும். ஜீக்ளே வாங்குறது ஒண்ணும் தப்பில்ல, என்கிட்டயும் கையெழுத்துப் போட்ட நல்ல பிரிண்டு ஆறு இருக்கு, பிரிண்டுன்னு சொல்லி பிரிண்டு விலைக்கு வித்தா நமக்கு என்ன பிரச்சனை. வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கம், நாலு ஓரம், பக்கவாட்டுல லைட் அடிச்சு எடுத்ததுன்னு மூணு ஃபோட்டோ கேளுங்க, குடுக்க மாட்டேன்னா விட்ருங்க. வந்தா அந்த வாரமே லென்ஸ் வச்சுப் பாத்துருங்க, என்னை மாதிரி அப்பா வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

ரெண்டு வருஷம் எதுவும் வாங்கல. அதுக்கப்புறம்தான் இந்த ஆரஞ்சு ஆகாசம். ஓவியர் வயசானவரு, அமெரிக்கா, அவரோட சொந்த வெப்சைட்ல மெயில் ஐடி இருந்துச்சு. பெரிய ஓவியம் எல்லாம் என் சம்பளத்துக்கு எட்டாது, ஆனா ஒவ்வொரு அட்டைக்கும் முன்னாடி பதிப்பகத்துக்குக் காட்ட ஓவியர்கள் பென்சில் ரஃப், கலர் ரஃப்னு போடுவாங்க, அதை விக்கிறீங்களான்னு கேட்டேன். மூணு நாள்ல பதில், கூடவே அஞ்சு ஃபோட்டோ, பின்பக்கத்துல பென்சில்ல அவரு எழுதுன அளவு, எழுத்து எங்க வரும்னு போட்ட கோடு. (அந்தக் கோட்டைப் பாத்தும் நான் தனிமை கட்டுரை எழுதுனேன் பாருங்க.) 220 டாலர். இதுதான் என்னைக் கேட்டா நம்ம மாதிரி ஆளுங்களுக்கான கதவு. ரஃப்ல ஓவியரோட யோசனை அப்படியே பச்சையா தெரியும், முடிஞ்ச ஓவியத்துல அதையெல்லாம் மூடிருவாங்க.

220 டாலரோட முடியாது. அங்க இருந்து அனுப்புற செலவு, இங்க கஸ்டம்ஸ், ஜிஎஸ்டி, கூரியர்காரங்க கட்டணம்னு ஒரு பில் தனியா வந்துச்சு, இதை எல்லாம் முன்னாடியே கேட்டு கூட்டிப் பாத்துட்டு வாங்குங்க. ஏலத்துல எடுத்தா ஜெயிச்ச தொகைக்கு மேல ஏலக்கம்பெனி கமிஷன் வேற, பல எடத்துல 20 சதவீதத்துக்கும் மேல. வரி மிச்சம் பண்ண விலையைக் கொறைச்சு எழுதச் சொல்லாதீங்க, வழியில தொலைஞ்சா எழுதுன தொகைதான் இன்சூரன்ஸ்ல வரும். பெயிண்ட் அடிச்ச பேப்பரைச் சுருட்டி குழாய்ல போட விடாதீங்க, பெயிண்ட்ல வெடிப்பு விழுந்துரும், ரெண்டு அட்டைக்கு நடுவுல தட்டையா வரணும்.

இன்னொண்ணு, படம் நம்ம கையில வந்தாலும் அதை அச்சடிக்கிற உரிமை வராது. என் தம்பி அதை டீஷர்ட்ல போடலாமான்னு கேட்டான், கூடாதுடான்னேன், "காசு குடுத்துதான வாங்குன"ன்னு அவனுக்கு ஆச்சரியம். இந்த ரெண்டும் வேற வேறன்னு நல்லா புரிஞ்சு வச்சிருந்தது ஃப்ராங்க் ஃப்ரசெட்டாங்கிற அமெரிக்க ஃபேன்டசி ஓவியர். அந்தக் காலத்துல பதிப்பகங்க ஒரிஜினலைத் திருப்பித் தராம வச்சுக்கும், யாருக்காவது குடுத்துரும், தூக்கியும் போட்ரும். இவரு ஒரிஜினலும் எனக்கு வேணும், உரிமையும் எனக்கு வேணும்னு நின்னாரு. 1969-ல ஒரு திகில் காமிக்ஸ் பத்திரிகை அட்டைக்குப் போட்ட எகிப்திய ராணி படம் அவர் குடும்பத்துலயே இருந்துச்சு, 2019-ல ஏலத்துல 54 லட்சம் டாலருக்குப் போச்சு. அன்னைக்கு அதை வெறும் அட்டை டிசைன்னு நெனைச்சு விட்டிருந்தா?

பாதுகாக்குறதுலதான் நான் அதிகமா அடி வாங்குனேன். முதல் அடி பிளாஸ்டிக் கவர். நல்ல அட்டைகளை எல்லாம் ஸ்டேஷனரி கடையில விக்கிற தடிமனான பிவிசி கவர்ல போட்டு அடுக்குனேன், ரெண்டு சென்னை வெயிலுக்கு அப்புறம் எடுத்தா கவரோட சேந்து அட்டை மையும் உரிஞ்சு வருது. பாலிப்ராப்பிலீன், இல்ல பாலியெஸ்டர் கவர்தான் வாங்கணும், புதுசா பிரிச்சதும் குப்புன்னு பிளாஸ்டிக் நாத்தம் அடிச்சா அது வேணாம். ரெண்டாவது அடி ஃபிரேம். கையெழுத்துப் போட்ட பிரிண்டை ஃபிரேம் கடையில குடுத்துட்டு வந்தேன், அவரு சுருக்கம் வரக்கூடாதுன்னு நல்ல எண்ணத்துல முழுசா பசை தடவி ஹார்ட்போர்டுல ஒட்டிக் குடுத்துட்டாரு, ஓரமும் ஒரு இஞ்சு வெட்டி. பிரிண்டு நம்பர் அந்த ஒரு இஞ்சுலதான் இருந்துச்சு. நான் சொல்லாம விட்டது என் தப்பு, சாமி படத்துக்கு அவரு காலங்காலமா அப்படித்தான் செய்றாரு. இப்போ கூடவே உக்காந்திருந்து போடுறேன். அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு, படம் கண்ணாடியில ஒட்டாம நடுவுல இடைவெளி, மேல் ஓரத்துல மட்டும் ரெண்டு எடத்துல மெல்லிசு ஜப்பான் பேப்பரும் ஸ்டார்ச் பசையும் வச்சு ஒட்டணும், செலோடேப் கிட்டயே வரக்கூடாது. வெயில் விழுற செவுரு வேணாம், மழைக்காலத்துல ஓதம் ஏறுற வெளிச்செவுரும் வேணாம்.

2015 டிசம்பர்ல சைதாப்பேட்டை பக்கம் தரைத்தளத்துல குடியிருந்தோம். முழங்காலுக்குத் தண்ணி. கீழ் ரெண்டு தட்டுல இருந்த புஸ்தகம் எல்லாம் போச்சு, அதுல ஆர்ட் பேப்பர்ல அச்சடிச்ச ஓவியத் தொகுப்புங்க ஏழெட்டு. ஃபோன் கெடைச்சதும் அப்பாகிட்ட அழுதுட்டேன், அவரு ஆறுதல் எல்லாம் சொல்லல, "காய விடாத. ஈரமா இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமா பிரிச்சு நடுவுல வெள்ளைப் பேப்பர் வையி, காஞ்சா கல்லாயிரும்"ன்னாரு. ஆர்ட் பேப்பர் மேல பூச்சு இருக்கும், அது ஈரத்துல பசையா மாறி பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி அப்படியே காஞ்சிரும், அப்புறம் பிரிக்கவே முடியாது. அந்த ராத்திரி மொட்டைமாடி அறையில மெழுகுவர்த்தி வச்சுக்கிட்டு நானும் வீட்டுக்காரரும் பக்கம் பக்கமா பிரிச்சோம். மூணு புஸ்தகம் பொழச்சுது. அதுக்கப்புறம் எங்க வீட்ல கீழ் தட்டுல பாத்திரம்தான்.

இப்போ புதுத் தலைவலி ஏஐ படம். லென்ஸ் வச்சா அது பிரிண்டுன்னுதான் சொல்லும், யாரு வரைஞ்சதுன்னு சொல்லாது. நான் ரஃப் இருக்கான்னு கேக்குறேன், மூணு நாலு கட்டத்துல எடுத்த ஃபோட்டோ கேக்குறேன். நெசமா வரைஞ்சவங்களுக்கு அதைக் காட்டுறதுல ஒரு குஷி இருக்கும், கேட்டது ஒண்ணுன்னா பத்து அனுப்புவாங்க.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தப்போ அப்பாகூட வேலை பாத்த ஒரு அண்ணாச்சி வீட்ல டீ குடிச்சிட்டு இருந்தோம். நான் இந்த மாதிரி படம் சேக்குறேன்னு அப்பா பெருமையா எடுத்து விட்டாரு. அண்ணாச்சி பரண்ல இருந்து ஒரு பழைய அட்டையை எறக்குனாரு, ஒரு மூலையை கரையான் தின்னுருந்துச்சு. போஸ்டர் கலர். ராக்கெட்டு மேல கால் போட்டு உக்காந்திருக்கிற ஒரு பையன், பட்டன் வச்ச சட்டை, தலையில மீன்தொட்டி மாதிரி கண்ணாடிக் கூண்டு, எதுத்தாப்புல மூக்கும் முழியுமா சிரிக்கிற நிலா. மேல ஒரு பட்டை காலி. நாலு ஓரத்துலயும் ரிஜிஸ்டர் குறி. மனுஷன் நிலாவுக்குப் போன சமயத்துல ஒரு பட்டாசு லேபிளுக்கு வரைஞ்சதாம், வேலை முடிஞ்சதும் பிரஸ்ல கெடந்துச்சாம், வரைஞ்சவரு பேரு அவருக்கு ஞாபகம் இல்ல. எனக்குக் கை நடுங்குது. என்ன வேணும் சொல்லுங்க அண்ணாச்சின்னேன். காசெல்லாம் வேணாம் தாயி, எடுத்துட்டுப் போ, எனக்கு மட்டும் பளபளன்னு ஒரு காப்பி போட்டு லேமினேஷன் பண்ணிக் குடுன்னாரு.

சென்னையில நல்ல ஸ்கேனரா தேடிப் பிடிச்சு, கரையான் தின்ன மூலையை சரி பண்ணி, லேமினேஷன் போட்டு பொங்கலுக்குக் கொண்டு போயி குடுத்தேன். வெளிச்சத்துல சாச்சு சாச்சுப் பாத்தாரு. "இதுலதான் கலர் நல்லா எந்திரிச்சிருக்கு. நீ கொண்டு போனது டல்லுல்ல"ன்னாரு, அப்பாவும் ஆமான்னு தலையாட்டுறாரு.